மிச்சமிருந்த இரண்டு பொய்கள்

இதை யாருக்கும் காட்டாதே. முதலில் அந்தச் சத்தியத்தைச் செய்துவிட்டு மேலே படி. உன் வாயில் எதுவும் தங்காது என்பது எனக்குத் தெரியும். படிவம் மூன்று பள்ளித் தேர்வில் நான் கணக்கில் தோற்றபோது, நான் வீடு போய்ச் சேர்வதற்குள் என் அம்மாவுக்குப் போன் செய்து ஆறுதல் சொன்னவள் நீ. இப்போது நீ இருக்கும் இடத்தில் காட்டுவதற்கு யார் இருக்கிறார்களோ தெரியவில்லை. யார் இருந்தாலும் காட்டாதே. முக்கியமாக, உன் அப்பாவின் கனவில் போய் உளறிவிடாதே. அங்கிளிடம் நானே சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

உன் மடிக்கணினி என் கட்டில்மேல் இருக்கிறது. அடியில் ஒரு தடிப் புத்தகத்தை வைத்திருக்கிறேன். கீழே காற்றுப் போகாவிட்டால் நீ திட்டுவாயே, அதனால். நம் ஆன்டெனாவின் சிமுலேஷன் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கணினி சூடாகிறது. விசைகளுக்கு நடுவிலிருந்து தைல வாசனை எழும்புகிறது. தலைவலி என்று நெற்றிப்பொட்டில் தைலம் தேய்த்த விரலோடு நீ தட்டித் தட்டி உள்ளே இறக்கிய வாசனை. குளிர்ந்த கணினியில் அது இல்லை, முகர்ந்து பார்த்திருக்கிறேன். சின்னக் கணக்காகக் கொடுத்தால் சூடேறுவதற்குள் முடிந்துவிடுகிறது. பெரிய கணக்காகக் கொடுத்தால்தான் நீ வருகிறாய்.

பயமாக இருக்கிறது. நீ போனதிலிருந்து காதருகில் ஒரு கொசு பாடினாலே எழுந்து விளக்கைப் போட்டுத் தேடுகிறேன். உன்னைக் கொண்டுபோனது அத்தனை சின்னது என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. அம்மாவும் பயந்துபோய்த்தான் இருக்கிறார். இரவில் எழுந்து வந்து கதவைத் தட்டி, உள்ளே வந்து, புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்க்கிறார். "சூடில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்ப் படுத்துக்கொள்கிறார். தட்டும் சத்தம் கேட்டதும் நான் கணினியை மூடித் தலையணைக்குக் கீழே தள்ளிவிடுவேன். மூடினால் அது தூங்கிவிடும்; ஓடிக்கொண்டிருந்த கணக்கு பாதியில் அறுந்துபோகும். மறுபடியும் முதலிலிருந்து. இந்த ஒரு கணக்கை எத்தனை இரவு இப்படி இழந்தேன் என்று எண்ணவில்லை. இன்று முடிந்தே ஆக வேண்டும். விடிந்தால் அறிவியல் போட்டி.

உன் அப்பா தன் வேனில் என்னை ஜொகூர் பாருவுக்கு அழைத்துப் போகிறார். பட்டறையில் செய்த இரும்பு கேட்டும் கிரில்லும் ஏற்றுகிற அதே வேன்தான். உன் அம்மா சிங்கப்பூர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வருகிறாராம். மேசைமேல் வைப்பதற்கு உன் படத்தையும் எடுத்து வருகிறார்கள். உன் முகம் இருக்கும் படம் இல்லை. மற்றது.

அதைப் பற்றி உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பு அங்கிள் இந்தக் கணினியைத் திறந்து பார்த்திருக்கிறார். திறந்ததும் தெரியும்படி நீ வைத்திருந்தாயே, அந்தப் படம்: நம் ஆன்டெனாவின் அலை எந்தத் திசையில் போகிறது என்று காட்டும் படம். சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு பக்கம் மட்டும் இதழ் மாதிரி நீண்டிருக்கும். மறுபக்கம் கத்தியால் நறுக்கியதுபோல் ஒன்றுமே இருக்காது. அங்கிள் அதை டவுனில் கொடுத்துப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடி போட்டு, கூடத்தில் உன் புகைப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். காரியத்துக்கு வந்தவர்கள் இரண்டுக்கும் மாலை போட்டார்கள். உன் பெரியம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இது என்னா, மாம்பழமா?" என்று கேட்டார். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன்னைப் பார்ப்பதற்காகப் பக்கத்தில் திரும்பினேன். அங்கிள்தான் பொறுமையாகப் பதில் சொன்னார்: "இது ஆன்டெனா, அக்கா. எம்மவ கம்ப்யூட்டர்ல போட்டது. எவ்ளோ சுத்தமா வந்திருக்கு பாருங்க."

அந்தப் படத்தை நீ 'பொய்' என்றுதான் கூப்பிடுவாய் என்பது அவருக்குத் தெரியாது.

அந்தப் பெரிய வெள்ளம் நினைவிருக்கிறதா? நம் கோத்தா திங்கியில் வெள்ளம் புதிதில்லை. ஆனால் அந்த முறை ஆறு இரவோடு இரவாக ஏறி உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. பள்ளி மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். ஆண்ட்டி குக்கரையும் உன் பிறப்புப் பத்திரத்தையும் மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். போன் கோபுரம் செத்துப்போய் யாருடைய போனிலும் சிக்னல் கோடு இல்லை. நீ கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "மேல உள்ளவங்களுக்குத் தண்ணி வர்றது முன்னாடியே தெரியும். நம்மகிட்ட சொல்றதுக்குத்தான் வழி இல்ல."

அந்த ஒரு வாக்கியத்தை நீ விடவில்லை. ஆற்றின் மேல்பக்கம் ஒரு பாலத்தடியில் நீர்மட்டம் பார்க்கும் சின்னக் கருவி. அது அனுப்புவதைக் கேட்டு டவுன் பக்கம் திருப்பிச் சொல்ல நடுவில் ஓர் ஆன்டெனா. ஒரு தடவை மேல்பக்கம் காது கொடுக்க வேண்டும், அடுத்த தடவை கீழ்ப்பக்கம் பேச வேண்டும். மோட்டார் வைத்துத் திருப்பினால் மழையில் துருப்பிடித்து நின்றுவிடும். எனவே அசையாமலே திரும்பும் ஆன்டெனா. பல்கலைக்கழகத்தில் படிக்கும் உன் ஒன்றுவிட்ட அக்காவிடம் நச்சரித்து, இப்படி ஒன்று உண்டு என்று கண்டுபிடித்துவிட்டாய்.

கேட்டபோது எளிதாகத்தான் இருந்தது. செங்குத்தாக மூன்று கம்பிகள். நடுக்கம்பி பேசும், கேட்கும். இரு பக்கமும் நிற்கும் கம்பிகள் சும்மா நிற்கும். ஆனால் இரண்டும் நடுவில் வெட்டப்பட்டு, அந்த வெட்டில் ஆளுக்கொரு டையோடு, மிளகைவிடச் சின்னது. டையோடுக்குள் மின்சாரம் விட்டால் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேர்ந்து ஒரே நீளக் கம்பியாகி, வரும் அலையைச் சுவர்போல் திருப்பி அனுப்பும். மின்சாரத்தை நிறுத்தினால் அது வெறும் இரண்டு துண்டு. அலை கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். மின்சாரம் விட்டு இடது கம்பியை எழுப்பினால் அலை வலப்பக்கம், வலதை எழுப்பினால் இடப்பக்கம். அங்கிள் தன் பட்டறையிலிருந்து செப்புப் பூச்சுள்ள வெல்டிங் கம்பிகளை நீ சொன்ன அளவுக்கு வெட்டிக் கொடுத்தார். குறுக்குச் சட்டத்துக்குப் பிளாஸ்டிக் குழாய். நடுவே பிடித்துக்கொள்ள விளக்குமாற்றுக் கட்டை.

சிமுலேஷனில் உட்கார்ந்தபோதுதான் உன் முறை எனக்குப் புரிந்தது. நமக்குக் கிடைத்தது மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் மென்பொருள். அது வெளியைச் சின்னச் சின்னக் கட்டமாக வெட்டித்தான் கணக்குப் போடும். இத்தனை கட்டத்துக்குமேல் கூடாது என்று எல்லையும் வைத்திருந்தது. எல்லாவற்றையும் வரைய முடியாது. நான் சோர்ந்துபோனேன். நீ சோரவில்லை. "முதல்ல பொய் சொல்லிப் பாப்போம் லா. அப்புறம் ஒவ்வொரு பொய்யா எடுத்துருவோம்" என்றாய்.

சொன்னபடியே பொய் சொன்னோம். சுற்றிலும் வெறும் காற்று, கீழே தரையே இல்லை. கம்பியில் மின்சாரம் ஒரு துளிகூட வீணாகாது. குழாயும் கட்டையும் கிடையாது. டையோடுக்குப் பதிலாக அந்த வெட்டில் ஒரு செப்புத் துண்டு வரைந்தால் 'எழுந்தது', அழித்தால் 'தூங்கியது'. கடைசியாக, டையோடை எழுப்பப் பேட்டரியிலிருந்து வரும் மெல்லிய வயர்கள். பாடங்களில் அதை பயஸ் என்று சொல்வார்கள். அதை நாம் வரையவே இல்லை. திரையில் மின்சாரம் உன் டெலீட் விசையிலிருந்து வந்தது. அப்படி ஐந்து பொய்யும் சேர்ந்து பெற்றெடுத்ததுதான் அந்த அழகான இதழ்.

ஒரு நேரத்தில் ஒரு பொய்தான் எடுக்க வேண்டும் என்பதில் நீ பிடிவாதம். ஒருநாள் அவசரப்பட்டு நான் தரையையும் கட்டையையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். இதழ் கோணிப்போனது. எதனால் கோணியது என்று இருவருக்கும் தெரியவில்லை. நீ கோபப்படவில்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டாய். "ரெண்டு பொய்ய ஒண்ணா எடுத்தா, எது என்னா பண்ணுச்சுன்னு யாருக்கும் தெரியாதுடி." அதற்குப் பிறகு மவுஸ் என் கைக்கு வந்ததே இல்லை. திரை உன்னுடையது, திடல் என்னுடையது என்று ஆகிவிட்டது.

திடலில்தான் எவ்வளவு சிரித்தோம். காலையில் பள்ளிச் சபைகூடலுக்கு முன்னால், பனி காயாத புல்லில். டையோடு இன்னும் வரவில்லை, வெட்டில் நிஜச் செப்புத் துண்டையே பற்றவைத்திருந்தோம். பக்கத்தில் ஆள் நின்றால் அலை கெட்டுப்போகும் என்று நீ பள்ளிச் சீருடையோடு மல்லாந்து படுத்து, கட்டையைக் குடைபோல் நெஞ்சுக்கு மேல் பிடித்துக்கொண்டாய். அலையைக் கேட்டு எண்ணாகக் காட்டும் கருவியோடு நான் உன்னைச் சுற்றிச் சுற்றி நடந்து எண்களைச் சொன்னேன். வாசலில் காவலிருக்கும் ஜாகா அண்ணன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"என்னா பிள்ளை, மயங்கிட்டாளா?"

நீ தலையைக்கூடத் தூக்கவில்லை. "அண்ணே, தள்ளி நில்லுங்க. நீங்களும் ஒரு ஆன்டெனாதான்."

"நான் ஜாகாம்மா," என்றார் அவர் பாவமாக. ஆனாலும் தள்ளி நின்றார்.

அன்று வந்த எண்கள் படத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போயின. அதனால் நமக்குத் துணிச்சல் வந்தது. தரை, கம்பி, கட்டை என்று மூன்று பொய்களை ஒவ்வொன்றாக எடுத்தாய். இதழ் கொஞ்சம் இளைத்தது, அவ்வளவுதான். டையோடுக்கு ஆர்டர் போட்டோம். பிறகு உனக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றாய். ஆஸ்பத்திரியில் கையில் ஊசியோடு எனக்கு அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது: ரெண்டு பொய் பாக்கி. நான் வந்ததும் எடுப்போம். நீ தொடாதே லா.

டையோடுகள் உன் பேருக்கு வந்த கடைசிப் பொட்டலமாக வந்தன. அங்கிள் அதைப் பிரிக்காமல் இந்தக் கணினியோடு சேர்த்து என் கையில் கொடுத்தார். பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னார்: "அவ செஞ்சது அப்படியே இருக்கட்டும்மா. நீ ஒண்ணும் மாத்தாத. அவ பேர்ல போவட்டும்." நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய முடியும், நீயே சொல்.

டையோடுகளைப் பற்றவைத்தேன். சிவப்பும் கறுப்புமாய் வயர்களைக் கம்பியோடு ஒட்டிக் கீழே இறக்கி, பேட்டரியில் சேர்த்து, சுவிட்ச் வைத்தேன். திடலுக்குப் போனேன். நீ நிற்கும், இல்லை, நீ படுக்கும் இடத்தில் இப்போது யாரும் இல்லை. கேட்கும் கருவியை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, ஆன்டெனாவைப் பூந்தொட்டி மண்ணில் ஊன்றி, நானே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். ஜாகா அண்ணன் வாசலிலிருந்து இரண்டு அடி வந்து அங்கேயே நின்றுகொண்டார். யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

சுவிட்சை இந்தப் பக்கம் தட்டினேன், அந்தப் பக்கம் தட்டினேன். எண் மாறவே இல்லை. டையோடு எழுந்தாலும் தூங்கினாலும் அலை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போனது. பற்றவைத்தது சரியில்லை என்று நினைத்துப் பிரித்து மறுபடி வைத்தேன். டையோடு கெட்டது என்று வேறொன்றை மாற்றினேன். மூன்றாம் முறை சலிப்போடு குனிந்தபோது என் விரல் அந்தச் சிவப்பு வயரில் பட்டது. எண் குதித்தது. எடுத்தேன், இறங்கியது. மறுபடி தொட்டேன், குதித்தது.

எனக்கு அங்கேயே புரிந்தது. டையோடில் ஒரு குறையும் இல்லை. அதற்குச் சோறு கொண்டுபோகிற வயரே ஆன்டெனாவாக மாறியிருக்கிறது. கம்பியோடு ஒட்டி அதே திசையில் ஓடுகிற வயருக்குள் அலையும் இறங்கிப் போகிறது. தூங்குகிற கம்பியின் இரண்டு துண்டும் வயர் வழியாகச் சுற்றி வந்து கைகோத்துக்கொள்கின்றன. தூங்கியும் தூங்காத கம்பி. நாம் வரையாமலே விட்டது, இருப்பதிலேயே பெரிய பொய்.

அன்று இரவுதான் கணினியைத் திறந்தேன். நான் வந்ததும் எடுப்போம் என்றாய். நீ வரவில்லை. அதனால் தொட்டேன்.

உன் முறைப்படியே செய்தேன், கோபித்துக்கொள்ளாதே. உன் படத்தைத் தொடவில்லை, நகல் எடுத்து அதில்தான் கை வைத்தேன். முதலில் டையோடு. செப்புத் துண்டை எடுத்துவிட்டு, டையோடோடு வந்த தாளில் இருந்ததைப் போட்டேன்: எழுந்திருக்கும்போது கொஞ்சம் தடுக்கும், தூங்கும்போதும் கொஞ்சம் கசியும். இதழ் கொஞ்சம் சுருங்கி, பின்னால் ஒரு சின்னப் புடைப்பு வந்தது. பிறகு தனியாக வயர்கள், திடலில் ஒட்டியிருந்தது போலவே. காலையில் பார்த்தால் இதழே இல்லை. முட்டை மாதிரி ஒன்று. திடலில் எழுதிய எண்களை எடுத்து வைத்து ஒப்பிட்டேன். அப்படியே ஒத்துப்போயின. "ஒத்துப்போச்சு லா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அப்புறம் அழுதேன். இத்தனை அசிங்கமான படத்துக்கு நாம் இருவரும் சேர்ந்து எவ்வளவு துள்ளியிருப்போம்.

அதற்குப் பிறகு சரிசெய்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. வயர் கம்பியைத் தொடும் இடத்திலேயே சின்னச் சுருள் ஒன்று. பேட்டரி மின்சாரம் அதற்குள் போகும், அலை போகத் திணறும். வயரைக் கம்பியோடு இறக்காமல் குறுக்குச் சட்டத்தின் வழியாக நடுவுக்குக் கொண்டுவந்தேன். செங்குத்தாய் நிற்கும் அலை குறுக்கே ஓடும் வயரை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. நடுவிலிருந்து கீழே இறங்கும் இடத்தில் இன்னும் சில சுருள்கள். சிமுலேஷனில் அந்தச் சுருளை முதலில் முழுத் தடையாகப் போட்டேன். போட்ட கையோடு உன் குரல் கேட்டது, இது உன் பொய்யாடி என்று. ஆமாம். சுருளுக்கும் தன் குணம் ஒன்று இருக்கிறது. சில அலைகளைத் தடுக்கும், சிலவற்றைப் பக்கவாட்டில் கொஞ்சம் விட்டுவிடும். அதையும் சேர்த்தேன். திடலுக்குப் போனேன். சுவிட்சைத் தட்டினேன். எண் மாறியது. மறுபக்கம் தட்டினேன். மாறியது. ஜாகா அண்ணனைப் பார்த்துக் கையசைத்தேன். அவரும் எதற்கென்று தெரியாமல் கையசைத்தார்.

ஆனால் அது கூடத்தில் தொங்கும் இதழ் இல்லை. கொஞ்சம் தடித்தது, கொஞ்சம் சாய்ந்தது, பின்னால் அந்தப் புடைப்பு. மாம்பழம் என்று உன் பெரியம்மா சொன்னால் இந்த முறை மறுக்க முடியாது.

அங்கிளிடம் சொல்லப் போனேன். பட்டறையில் ஒரு கேட்டுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். முகமூடியைத் தூக்கி, "என்னம்மா, எல்லாம் ரெடியா?" என்றார். ரெடி என்றேன். படம் அங்கேதான் இருந்தது. சட்டம் லேசாக இளகியிருந்ததால் சரிசெய்யக் கொண்டுவந்திருந்தார். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். மாலையின் மஞ்சள் கறை ஓர் ஓரத்தில் ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினார். "ஜட்ஜுங்க கேட்டா, இது எம்மவ தனியா போட்டதுன்னு சொல்லும்மா. அவங்க பாத்ததும் தெரிஞ்சுக்குவாங்க, எவ்ளோ மூளைன்னு." சொல்ல வாய்வரை வந்தது. அவர் திரும்பவும் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

உன் படம் தப்பு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உன் முகத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. காலையில் விளக்கு ஏற்றும்போது இரண்டையும் பார்க்கிறார். அதிலிருந்து கையை எடுங்கள் என்று சொல்வது போல் இருக்கிறது. சொல்லாமல் போனாலோ, நாளைக்கு ஜட்ஜ் ஒருவர், இந்தப் படத்தில் வயர் எங்கே என்று கேட்பார். நான் உன் பேரில் உளற வேண்டும். அதைவிடப் பயம், யாரும் கேட்காமலே போவது. அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவார்கள். யாராவது நம் படத்தை நம்பி, வயரைக் கம்பியோடு ஒட்டி, ஆற்றோரம் நட்டுவைப்பார்கள். மழை வரும். மேலே உள்ளவர்கள் சொல்வது யாருக்கும் கேட்காது. ஆண்ட்டி மறுபடியும் குக்கரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இப்படியெல்லாம் யோசித்துவிட்டு ஒன்று முடிவு செய்திருக்கிறேன். இரண்டு படத்தையும் வைக்கப்போகிறேன். உன்னுடையதை எடுக்கமாட்டேன், அது மாலையோடு நடுவில் இருக்கட்டும். பக்கத்தில் மற்றது, பெரிதாக இல்லை, பள்ளியில் அச்சடித்த சாதாரணத் தாளில். வேனில் போகும்போது அங்கிளிடம் சொல்வேன், உங்கள் மகள் இந்தப் படத்தைப் 'பொய்' என்றுதான் கூப்பிடுவாள், அதை எடுக்க ஆஸ்பத்திரியிலும் துடித்தாள் என்று. வழியிலுள்ள உலு திராமைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஜொகூர் பாரு வந்துவிடும், எனக்குத் துணிச்சல் போய்விடும். அவர் வேனை நிறுத்திவிடுவாரோ, அழுவாரோ, ஒன்றும் சொல்லாமல் ஓட்டுவாரோ தெரியாது. ஒன்றும் சொல்லாமல் ஓட்டுவதுதான் எனக்கு அதிகப் பயம்.

இப்போது ஓடுகிற கணக்கு மறுபக்கத்துக்கு உரியது; வலது கம்பி எழுந்து, அலை இடப்பக்கம் போவது. இது முடிந்தால் அச்சடித்துக்கொண்டு போய்விடலாம், பள்ளி அலுவலகத்தைச் சீக்கிரம் திறந்து வைப்பதாக டீச்சர் சொல்லியிருக்கிறார். கொஞ்சம்தான் பாக்கி. தைல வாசனை அறை முழுக்க இருக்கிறது. இவ்வளவு பெரிய கணக்கை நாம் கொடுத்ததே இல்லை.

உன்னிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று டீச்சர் ஒருநாள் கேட்டார், நினைவஞ்சலிக்கு நாலு வரி எழுத. ஒன்றும் எழுத வரவில்லை. இப்போது தெரிகிறது. எதைப் பார்த்தாலும் இதில் எத்தனை பொய் பாக்கி என்று கேட்கிறேன். பாடப் புத்தகத்தில், செய்தியில், அம்மா "சூடில்ல" என்று சொல்லும்போதும். அங்கிளிடம் இரண்டு முறை தலையாட்டினேனே, அதிலும். அது உன் ஐந்தில் சேராதது, என்னுடையது. அதை நான்தான் எடுக்க வேண்டும், தனியாக, வேறு எதோடும் சேர்க்காமல்.

இன்னொன்றும் இருக்கிறது. தூங்குகிற டையோடு முழுக்கத் தூங்குவதில்லை என்றேனே. வெட்டு வெட்டாகத்தான் இருக்கிறது, இரண்டு பக்கமும் தொடவில்லை, ஆனாலும் கொஞ்சம் கடந்து வந்துகொண்டே இருக்கிறது. படத்தின் பின்னால் இருக்கும் அந்தப் புடைப்பில் அதற்கும் பங்கு உண்டு. ஜட்ஜ் கேட்டால் அதைக் குறை என்றுதான் சொல்ல வேண்டும். நான் அதைச் சரிசெய்ய ரொம்பவும் முயற்சி செய்யவில்லை. இது மட்டும் யாருக்கும்...

வேன் சத்தம். அதற்குள்ளாகவா? பின்கதவு ஆடும் அந்தச் சத்தம்தான். சீக்கிரம் வந்துவிட்டார். கூடத்தில் அம்மா விளக்கைப் போடுகிறார். "வாங்கண்ணே, எழுப்புறேன்" என்கிறார். கணக்கு இன்னும் முடியவில்லை. கடைசித் துண்டு ஓடுகிறது. மூடினால் போச்சு.

தட்டுகிறார் அம்மா. "எழுந்துட்டியாம்மா? அங்கிள் வந்துட்டாரு. லேப்டாப்ப அவரே தூக்கி வைக்கிறாராம், உள்ள வரட்டுமான்னு கேக்குறாரு."

கை தானாக மூடியின்மேல் போனது. எடுத்துவிட்டேன். திரையில் வயர்களோடு நம் ஆன்டெனா. மூடவில்லை. கதவைத் திறக்க...